அமாவாசை எலுமிச்சை

நாலாயிரத்து இருநூறு கோழிகளைக் கொன்ற குற்றவாளி எங்கள் அலுவலகத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பெயர் தனப்பிரியா. வயது இருபத்தெட்டு. ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். கையில் ஒரு கடிதம். மாலை நாலு மணிக்குள் அதில் கையெழுத்துப் போட்டால் அவள் குற்றவாளி. போடாவிட்டாலும் குற்றவாளிதான், மரியாதை தெரியாத குற்றவாளி என்று ஒரு வரி கூடும்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. இந்தப் பத்து நாற்பதை வாசகர்கள் முடிந்து வைத்துக்கொள்ளவும்.

எங்கள் துப்பறியும் அலுவலகம் நாமக்கல்லில் ஒரு டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. உரிமையாளர் சௌந்திரம் அம்மணி. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் லாரி விபத்துகளுக்கு இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய லாரியைப் பார்த்தே அந்த டிரைவர் தூக்கத்தில் என்ன கனவு கண்டான் என்று எழுதிக் கொடுப்பார். நான் சின்னண்ணன். முப்பத்தாறு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவன். இப்போது அம்மணியின் ஆம்னி வேனை ஓட்டுகிறேன். ஓட்டுவதற்குத்தான் சம்பளம். பேசுவது என் சொந்தச் செலவு.

"எனக்குப் புரியற மாதிரி சொல்ல வேண்டாம் கண்ணு. அண்ணனுக்குப் புரியற மாதிரி சொல்லு. அப்பத்தான் ஊருக்கே புரியும்," என்றார் அம்மணி.

"எங்க கம்பெனி செய்யறது ஒரு எஸ்.டி.கே-ங்க தாத்தா," என்று என் பக்கம் திரும்பினாள். தாத்தா! அந்தக் குற்றத்துக்கு மட்டும் அவள் கட்டாயம் கையெழுத்துப் போட வேண்டும் என்று தோன்றியது. "ஒரு கருவிப்பெட்டி மாதிரி. கோழிப்பண்ணைக்கு, குளிர் கிடங்குக்கு, போர்வெல் வண்டிக்கு ஆப் செய்யற கம்பெனிக எங்க பெட்டியிலிருந்து சாமானை எடுத்துத்தான் செய்வாங்க. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மூணுலயும் ஒரே சாமான் ஓடும்."

"எல்லா லாரிக்கும் ஒரே ஸ்பேனர் செட்டு."

"ஆமாங்க. அதுல கோடாங்கின்னு ஒரு சாமான், லைப்ரரிம்போம். ஷெட்ல சூடு ஏறுனா, கரண்டு நின்னா, பண்ணைக்காரர் போன்ல உடுக்கை அடிக்கும். ஆறு வருசத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான்தான் எழுதினேன். இப்ப அது பழசாயிருச்சு. புது ஐபோன்க அதை வாசல்லயே நிறுத்திருது. அதனால சங்குன்னு ஒண்ணு புதுசா எழுதினோம். கோடாங்கியை இனித் தொடாதீங்க, எடுக்கப்போறோம்னு ஒன்றரை வருசமா எல்லாருக்கும் சொல்லிட்டே இருந்தோம்."

"சொன்னா எவன் கேட்கிறான்? தொப்பூர் இறக்கத்துல 'மெதுவாகச் செல்லவும்'னு போர்டு வெச்சிருக்கான். நான் அதைப் படிக்கறதுக்குள்ளயே மூணு தடவை அதைத் தாண்டிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அழுகிறவர்கள் என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. அழாதவர்களும் சிரிப்பதில்லை என்பதால் எனக்கு அது பழக்கம்.

மீதிக் கதை இது. கோடாங்கியை எத்தனை பேர் இன்னும் உபயோகிக்கிறார்கள் என்று அவள் கணக்கு எடுத்தாள். பூஜ்யம் என்று வந்தது. அப்படியும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. எங்காவது ஒரு மூலையில் ஒருவர் மிச்சம் இருந்தால்? அதற்காக ஒரு பாலம் எழுத நினைத்தாள். பழைய ஆப் கோடாங்கியைக் கூப்பிட்டால், அந்தக் குரலைப் பிடித்துச் சங்கிடம் கொடுக்கும் பாலம். சித்திரை அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோடாங்கியை எடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பாலத்தைப் போட்டு முடித்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை ஆறாம் பதிப்பு ஊருக்கெல்லாம் போனது. ஒரு குறையும் இல்லை.

ஆனால் நடுவில் வந்த புதன்கிழமை, உச்சி வெயிலில், புதுச்சத்திரத்துக்கு மேற்கே பாலசுந்தரம் என்பவரின் பண்ணையில் கரண்டு நின்று ஃபேன் நின்றது. போனில் உடுக்கை அடிக்கவில்லை. ஆள் ஓடிப் போய் ஜெனரேட்டரைப் போடுவதற்குள் முதலாம் ஷெட்டில் நாலாயிரத்து இருநூறு கோழிகள் வாயைப் பிளந்து கிடந்தன.

"அங்க ஷெட்டுச் சுவத்துல சூட்டையும் கரண்டையும் பார்க்கற மெஷின் ஒண்ணு மாட்டியிருக்கு, அது சோதனைப் பெட்டிங்க. எங்க எம்.டி பிரபாகர் சாரோட மாமனார் பண்ணை அது. சோதனைப் பெட்டிக எண்ணிக்கையில வராது. அதான் பூஜ்யம்னு வந்துச்சு. ஆனா அந்தப் பெட்டியில அஞ்சாம் பதிப்புதாங்க இருக்கோணும். கோடாங்கியை எடுத்துட்டு, பாலம் போடாம, பாதி வேலையில கெடந்த பதிப்பை யாரோ கொண்டுபோய் அதுல ஏத்தியிருக்காங்க. லேப்டாப்பைத் தூக்கிட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல போய் நின்னுதான் ஏத்த முடியும். பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் சாருக்கும்."

"உங்க சார் என்ன சொல்றாரு?"

"பொங்கலுக்கு அப்புறம் மாமனார் ஊட்டுப் பக்கமே போகலீங்கறாரு. அப்ப நான்தானே? 'என் கவனக்குறைவால்'னு கடிதம். எங்க கருவிப்பெட்டியை வாங்கற அத்தனை கம்பெனிக்கும் நகல் போகுமாம். சேலத்துல இருந்து பெங்களூர் வரைக்கும் எனக்கு எவனுங்க வேலை கொடுப்பான்? யார் ஏத்தினாங்கன்னு பெட்டிக்குள்ளயே பதிவு இருக்கும். ஆனா என் லேப்டாப்பை நேத்தே புடுங்கி வெச்சுட்டாங்க."

அம்மணி எழுந்தார். "அண்ணா, வண்டியை எடுங்க. பொட்டிக்கு உள்ள பார்க்க முடியலீன்னா வெளியே பார்ப்போம்."

*

பாலசுந்தரம் பண்ணையில் இல்லை. கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ராசம்மாள் ஒரு சந்தைக் கூடை முள்ளங்கியை வாசலில் கொட்டி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மணியை இன்சூரன்ஸ்காரர் என்று நினைத்துக்கொண்டார். அம்மணி மறுக்கவில்லை. அவர் முகம் அப்படி. இருபது வருடம் ஒரே முகத்தை வைத்திருந்தால் அது போகாது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாக்பூரில் நான் ஒரு முறை பானெட் மேல் முட்டை உடைத்து ஆம்லெட் போட்டிருக்கிறேன். புதுச்சத்திரத்தில் அன்று முட்டையை உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. கோழியே அவித்துத்தான் இட்டுக்கொண்டிருந்தது.

முதலாம் ஷெட் காலியாக இருந்தது. சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரண்டாம் ஷெட்டில் மட்டும் கோழிகள். இரண்டுக்கும் நடுச் சுவரில் அந்தப் பெட்டி; டிபன் கேரியர் அளவுக்கு வெள்ளையாக இருந்தது. அதன் மேல் குங்குமம் வைத்த ஒரு எலுமிச்சம்பழம்.

அம்மணி என்னைப் பார்த்தார். நான் பழத்தைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் என் கல்வித் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். லாரியில் கிளம்பும்போது டேஷ்போர்டில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்போம். கௌஹாத்தி போய்த் திரும்ப இருபத்திரண்டு நாள். காலண்டர் கிடையாது. பழம்தான் காலண்டர். மூன்றாம் நாள் பளபளப்புப் போகும். ஏழாம் நாள் தோல் இறுகும். பன்னிரண்டாம் நாள் ஆட்டினால் கடகடக்கும். என் கல்யாணத்துக்கே பழத்தைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன். ஈரப்பதத்தில் ஒரு நாள் கணக்குத் தப்பிவிட்டது. பெண் வீட்டார் மேளக்காரர்களை ஒரு நாள் பிடித்து வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கு வெச்சது," என்றேன். "குங்குமம்கூட இன்னும் காயலை."

"ஏனுங்க அக்கா," என்று அம்மணி ராசம்மாளிடம் போனார். "நல்ல பழக்கங்க. யாரு வெக்கறது?"

"எங்க மாப்பிள்ளைதானுங்க. பொட்டியில எது புதுசா ஏத்துனாலும் ஒரு பழம் வெக்காமப் போக மாட்டாரு. அவங்க கம்பெனி மொதல் பொட்டியே இதுதானுங்களே. எங்க ஊட்டுக் கை ராசின்னு எதுவா இருந்தாலும் இங்கதான் மொதல்ல ஏத்துவாரு. இந்தப் பொண்ணும் ரெண்டு வாட்டி வந்து ஏத்துச்சு. ஒரு பழம் கெடையாது, ஒரு பூ கெடையாது. என்ன படிச்சு என்ன போங்க!"

தனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். பழம் வைக்காத குற்றம் மட்டும் ஊர்ஜிதமானது.

"பழைய பழத்தை என்னக்கா பண்ணுவீங்க?"

"சாமிக்கு வெச்சதைக் கால் படற எடத்துல போடலாமுங்களா? டப்பாவுல போட்டு வெப்பேன். ஆடிப் பதினெட்டுக்குக் காவேரில விட்டறலாம்னு. எங்கீங்க, ஒவ்வொரு வருசமும் மறந்து போகுது."

முறுக்கு டப்பா வந்தது. நிலக்கரி மாதிரிக் கறுத்த பழங்கள். அம்மணி கோழித் தீவனச் சாக்கின் மேல் அவற்றை வரிசையாக அடுக்கினார்.

"தனப்பிரியா, உங்க சார் இதுவரைக்கும் இந்தப் பொட்டியில எத்தனை வாட்டி ஏத்தியிருக்காரு?"

"பத்து வாட்டிங்க. கடைசியா பொங்கலுக்கு. எல்லாம் ஆபீஸ் பட்டியல்ல இருக்கு."

இன்றைக்கு வைத்ததை விட்டுவிட்டு அம்மணி எண்ணினார். பதினொன்று.

பதினொன்றாவதை எடுத்து நான் ஆட்டினேன். கடகடத்தது, ஆனால் அரைக் குரலில். கறுக்கவில்லை, பழுப்புத்தான். "பன்னெண்டு நாள்," என்றேன். "ஒண்ணு முன்னே பின்னே இருக்கலாம். எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் அப்படித் தப்பியிருக்கு."

விரலை மடக்கினோம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை. சித்திரை அமாவாசை. கோடாங்கியை எடுத்தாயிற்று, பாலம் இன்னும் போடவில்லை. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

"அமாவாசை அன்னிக்கு மாப்பிள்ளை வந்தாருங்களா அக்கா?" அம்மணியின் குரல் முள்ளங்கி விலை கேட்பது மாதிரி இருந்தது.

"நாங்க மலைக்குப் போயிட்டோமுங்க, திருச்செங்கோடு. வந்து பார்த்தா புதுப் பழம் இருக்குது. நாள் நல்லா இருக்குதுன்னு வந்து ஏத்திட்டுப் போயிட்டாராட்ட, ஒரு டம்ளர் மோருகூடக் குடிக்காமப் போயிட்டாரேன்னு நெனச்சேன். இன்னிக்கும் பாருங்க, நான் சந்தைக்குப் போன நேரமாப் பார்த்து..."

நின்றுவிட்டார். கையில் இருந்த முள்ளங்கி கூடையில் விழுந்தது. தனப்பிரியாவைப் பார்த்தார். காலி ஷெட்டைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நான் ஒண்ணும் பார்க்கலீங்க," என்றார். "ஒண்ணும் சொல்லவும் இல்லை. எம்பட மக ஏழு மாசமா இருக்குது."

முள்ளங்கியின் பக்கம் திரும்பி மறுபடி மண்ணைத் தட்டத் தொடங்கினார். நான் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் பழத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு அல்ல. மறதி.

*

மூன்றரை மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஆபீஸ் மாடியில் இருந்தோம். குளிர்சாதனம் ஐஸ் பெட்டிக்குள் படுத்த மாதிரி இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பிரபாகர். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. பக்கத்தில் மாமனார் பாலசுந்தரம். பெரிய கை, பெரிய மீசை, ஒன்பது நாள் கோபம்.

"எம்பட கோழிகளைக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்," என்று மேசையைத் தட்டினார். "யாரா இருந்தாலும் சரி, விட மாட்டேன். வாயில்லாச் சீவன் நாலாயிரம்! குழி வெட்ட ஜேசிபி கூட்டியாந்தேன் தெரியுமுங்களா?"

"அதைத்தானுங்க கண்டுபிடிச்சிருக்கோம்," என்று அம்மணி டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார்.

பிரபாகர் கேட்டுக்கொண்டிருந்தார். பழம் வைக்கும் பழக்கம், பத்து, பதினொன்று, அமாவாசை. முடிந்ததும் சிரித்தார்.

"எலுமிச்சம்பழத்தை வெச்சுக் கேஸ் போடப் போறீங்களா மேடம்? ஊட்டுல யார் வேணாலும் வெச்சிருக்கலாம். நான் பொங்கலுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகலீங்க. மாமா, நீங்களே சொல்லுங்க."

"மாப்பிள்ளை வந்தா எனக்குத் தெரியாம இருக்குமுங்களா?" என்றார் பாலசுந்தரம். "நீ கையெழுத்தைப் போடு கண்ணு. எனக்குச் சாட்சி போட்டுட்டுப் போகோணும்."

பேனாவின் மூடி கழன்றிருந்தது. தனப்பிரியா பேனாவைப் பார்த்தாள். என்னிடம் ஜோக் இல்லை. முப்பத்தாறு வருடத்தில் அப்படி இரண்டு தடவைதான் நடந்திருக்கிறது. ஒன்று பிரேக் பிடிக்காதபோது.

அப்போது அந்த அறையில் உடுக்கை அடித்தது.

எல்லோரும் பாலசுந்தரத்தின் போனைப் பார்த்தார்கள். அது சும்மா கிடந்தது. அடித்தது தனப்பிரியாவின் கைப்பைக்குள்.

எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை போய் வேறு ஏதோ வந்தது. "ஐயா, ரெண்டாம் ஷெட்டுங்க! நாற்பத்தொண்ணு. கரண்டு இல்லை. ஊட்டுக்குப் போன் போடுங்க, ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்க, சீக்கிரம்!"

பாலசுந்தரம் போட்டார். கத்தினார். மறுமுனையில் ராசம்மாள் ஓடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. இரண்டு நிமிடம் அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு தூரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. பாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்ததும் முதல் கேள்வி அதுதான். "எம்பட பொட்டி. எம்பட கோழி. உன் போன்ல ஏன் அடிக்குது?"

"பெட்டியைத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்தினா, உள்ள இருக்கற நம்பரெல்லாம் போயிருமுங்க," என்றாள் அவள் மெதுவாக. "அதுல மறுபடி யார் நம்பரும் போடலீன்னா, அடிக்காம மட்டும் இருந்துறக்கூடாதுன்னு என் நம்பரை வெச்சிருந்தேன். பாலம் எழுதறப்ப வெச்சேன். சாருக்குக்கூடத் தெரியாது. எப்பத் துடைச்சு ஏத்தினாங்கன்னும் வருது பாருங்க. இன்னிக்குக் காலைல. பத்து நாற்பது."

"பத்து நாற்பதுக்கு நீ எங்க இருந்தே?" என்றார் அம்மணி.

"உங்க முன்னாடி உட்கார்ந்து அழுதுட்டிருந்தேங்க்கா."

பாஸ்வேர்டு தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒருத்தி எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில். இன்னொருவர் பெட்டிக்குள் இருந்த அமாவாசைப் பதிவை அழிக்கப் போயிருக்கிறார். போனவர் எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறார். கொலைகாரன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிரபாகரின் கை அவர் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தது. "நாள் நல்லா இருந்துச்சு, மாமா," என்றார். "பாலம் பாக்கி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"எழுதி அனுப்பினேங்க சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்," என்றாள் தனப்பிரியா.

நான் பாலசுந்தரத்தின் கையைப் பார்த்தேன். மேசையைத் தட்டிய அந்தக் கை இப்போது எழும் என்று எதிர்பார்த்தேன். எழுந்தது. டப்பாவை எடுத்தது. மேசையில் சிதறிக் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டது. மூடியை அழுத்தி மூடியது.

"இது எங்க ஊட்டு டப்பாங்க," என்றார் அம்மணியிடம்.

"ஏனுங்க, யாரா இருந்தாலும் விட மாட்டேன்னீங்களே?"

"பொண்ணு கொடுத்திருக்கறமுங்க." தனப்பிரியாவின் பக்கம் கடிதத்தை நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ படிச்ச புள்ளை. எங்க போனாலும் பொழைச்சுக்குவே. கையெழுத்தைப் போட்டுரு, சாமி."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டு, மேசையில் வைத்தாள்.

"அது இருக்கட்டுங்கய்யா. உங்க நம்பரைப் பெட்டியில மறுபடி ஏத்தோணும். இல்லீன்னா நாளைக்கும் எனக்குத்தான் அடிக்கும். நம்பரை மட்டும் என் போன்ல இருந்தே மாத்திவிட முடியும். நான் ஏத்தட்டுமா, அவரு ஏத்தட்டுமா?"

பாலசுந்தரம் மாப்பிள்ளையைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார்.

"நீயே ஏத்திரு," என்றார்.

அவள் ஏற்றினாள். அரை நிமிட வேலை. அவருடைய நம்பர் உள்ளே போனது, அவளுடையது வெளியே வந்தது. ஒரு முறை சோதித்தும் பார்த்தாள். பாலசுந்தரத்தின் போனில் உடுக்கை நன்றாகவே அடித்தது.

*

"போலீசுக்குப் போலாம்," என்றார் அம்மணி, கீழே வேன் பக்கத்தில்.

"கோழிக்காரரே புகார் இல்லீன்னா யாருக்கு என்னங்க்கா? கடிதம் எப்படியும் போகும். நான் கையெழுத்துப் போடலீன்னு அதுல ஒரு வரி சேர்ப்பாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் ஒரு செய்தி வந்தது. கம்பெனி கணக்கிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம். மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள். கோடாங்கிக்காவது ஒன்றரை வருடம் முன்னறிவிப்பு இருந்தது.

சட்டைப் பையில் கையை விட்டேன். அமாவாசைப் பழம் கையில் வந்தது. அவளிடம் நீட்டினேன். இருந்த ஒரே சாட்சி.

வாங்கிப் பார்த்தாள். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து, எங்கள் ஆம்னியின் முன் டயருக்கு அடியில் சரியாக வைத்தாள். புது லாரி எடுக்கிற அன்று வைப்பதைப் போலவே.

"எனக்கும் வெக்கத் தெரியுங்க தாத்தா," என்றாள், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு. "எடுங்க, ராசிபுரத்துக்கு."

எடுத்தேன். டயருக்குக் கீழே ஓடு நொறுங்குவது மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். தார் ரோட்டில் கொஞ்சம் தூள் கிடந்தது. ஒரு சொட்டு சாறு இல்லை.